பத்து ஐம்பதுக்குத் திரும்ப வரும்

அந்தச் சனிக்கிழமை காலையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெல்பர்னில், ரயில் பாதை முடிகிற கிளென் வேவர்லியில், பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் ஆபீஸில் நான் இருந்தேன். என் முதலாளி இருந்தார். சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில், தன் வீட்டுச் சமையலறையில் கை முழுக்க மாவோடு எங்கள் கஸ்டமர் அன்ரி இருந்தார், போன் ஸ்பீக்கர் வழியாக. இல்லாதவர் ஒரே ஒருவர்தான்: அன்ரியின் கணவர். அன்ரியின் வெப்சைட் ஓடுகிற சர்வரை செகண்ட் ஹேண்டில் வாங்கி, தன் கையாலேயே சரிசெய்து, சிட்னி டேட்டா சென்டர் ஒன்றில் இருப்பதிலேயே மலிவான அலமாரித் தட்டை வாடகைக்கு எடுத்து அதில் வைத்தவர் அந்த அங்கிள்தான். அன்று விடியற்காலையிலேயே ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போய்விட்டார். போனை அணைத்துவிட்டுப் போயிருந்தார். மணியடித்தால் மீன் ஓடிவிடும் என்பது அவர் கட்சி.

இருந்த மூன்று பேரையும்விட, இல்லாத அந்த ஒருவர்தான் தேவைப்பட்டார் என்பது பிற்பகல் மூன்று இருபதுக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பாவும் ஒருமுறை போனார், சுண்ணாம்பு அடிக்க. அவருக்குக் கிடைத்தது வெளிச்சுவர். அதனாலோ என்னவோ, ஒரு விஷயத்தை எழுதி ஒட்டிவிட்டால் அது இனிமேல் தப்பாகப் போகாது என்ற நம்பிக்கை எனக்கு அளவுக்கு மீறி உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே, தூரத்தில் இருக்கும் சர்வரின் ஃபயர்வாலை மாற்றுவது எப்படி என்று ஒரு பக்கம் எழுதி, பிரின்ட் எடுத்து, லாமினேட் செய்து, ஆபீஸில் எல்லோரும் பார்க்கக்கூடிய இடம் என்று யோசித்து, கெட்டிலுக்கு மேலே ஒட்டினேன். ஆபீஸில் எல்லோரும் என்றால் முதலாளியும் நானும்.

ஃபயர்வால் என்பது கல்யாண மண்டப வாசலில் நிற்கிற செக்யூரிட்டி மாதிரி. அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். அவர் மேலிருந்து கீழே படிப்பார். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதைச் செய்துவிட்டுக் கீழே பார்க்கவே மாட்டார். தூரத்தில் இருக்கும் சர்வரில் இந்தப் பட்டியலை மாற்றும்போது ஓர் ஆபத்து உண்டு. நாமும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறோம். ஒரு வரி பிசகினால் செக்யூரிட்டி நம்மையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். உள்ளே போய்ப் பட்டியலைத் திருத்தலாம் என்றால், உள்ளே போக முடியாது.

இதற்கு என் லாமினேட் பக்கம் சொன்ன வழி இது. பழைய பட்டியலைப் பத்திரமாக ஒரு பிரதி எடுத்துக்கொள். புதியதைப் போடுவதற்கு முன்னால் சர்வரிடமே சொல்லிவை: 'இத்தனை மணிக்கு, நான் வந்து வேண்டாம் என்று சொல்லாவிட்டால், பழைய பட்டியலை நீயே திரும்பப் போட்டுக்கொள்.' அப்புறம் புதியதைப் போடு. திரையில் திறந்திருக்கும் ஜன்னலை மூடாதே. இன்னொரு ஜன்னல் திறந்து, புது ஆளாக வாசல் வழியாக உள்ளே போக முடிகிறதா என்று பார். முடிந்தால், திரும்பப் போடச் சொன்னதை ரத்து செய். முடியாவிட்டால், டீ குடி. கொஞ்ச நேரத்தில் கதவு தானாகத் திறக்கும்.

'டீ குடி' என்று நிஜமாகவே எழுதியிருந்தேன். கெட்டிலுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று.

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாக ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். அதைப் படித்துவிட்டுத் தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "இதுக்கு ஒரு பக்கம் தேவையே தம்பி? எங்கட ஆக்கள் வீட்டை விட்டு வெளிக்கிடேக்குள்ள 'போறன்' எண்டு சொல்லமாட்டினம். 'போட்டு வாறன்' எண்டுதான் சொல்லுவினம். அதுதானே இது?"

"ஆமாண்ணே," என்றேன். ஆனால் எனக்கு வருத்தம். நான் பதினோரு வரியில் எழுதியதை அவர் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்.

இனி அன்ரியின் விஷயம். அன்ரி வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பவர். வருடத்தில் அவருக்குப் பெரிய நாள் ஆடிப்பிறப்பு. ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் அன்றைக்கு சிட்னியின் பாதி யாழ்ப்பாணத்துக்கு அன்ரி வீட்டிலிருந்துதான் போகும். அந்த வருடம் ஆடிப்பிறப்பு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சனி மூன்று மணிவரை வெப்சைட்டில் ஆர்டர். ஞாயிறு காலை வீட்டு வாசலில் வாங்கிக்கொள்ளலாம். இருநூறு வீட்டுக்கு மாவு வறுத்தாயிற்று, பயறு வறுத்தாயிற்று, தேங்காய் வந்து இறங்கியாயிற்று. வெள்ளி இரவுவரை வந்திருந்த ஆர்டர் எண்பது. மிச்சம் நூற்று இருபதும் சனிக்கிழமை பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் வரும். வருடா வருடம் அப்படித்தான். நம் ஆட்களுக்குக் கடைசி மணி வந்தால்தான் பசியே எடுக்கும். அந்த நான்கு மணி நேரம் வெப்சைட் படுத்தால் நூற்று இருபது வீட்டு மாவும் அன்ரி தலையில்.

இந்த நேரம் பார்த்து வியாழக்கிழமையிலிருந்து எங்கிருந்தோ ரோபோக்கள் வந்து அந்த சர்வரின் நிர்வாகக் கதவைத் தட்ட ஆரம்பித்தன. மணிக்கு ஆயிரக்கணக்கில் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கின்றன. உள்ளே வர முடியவில்லை. ஆனால் தட்டுகிற தட்டில் சர்வர் மூச்சு வாங்கியது. கொழுக்கட்டைப் படம் ஒன்று திறக்க அரை நிமிடம் ஆனது. நிர்வாகக் கதவை எங்கள் ஆபீஸுக்கு மட்டும் திறந்து வைத்து, மற்ற எல்லோருக்கும் சாத்திவிட்டால் தீர்ந்தது. பொதுமக்கள் வருகிற வாசல் எப்போதும்போலத் திறந்திருக்கும். ஐந்து நிமிட வேலை.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே செய்துவிடுகிறேன் என்றேன். அன்ரி பதறிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவைச் சாத்துறதே? விளக்கு வைக்கிற நேரம் தம்பி, லட்சுமி வாற நேரம். ஆரும் சாத்துவினமே?"

"அன்ரி, இது சர்வர் கதவு."

"கதவு கதவுதானே."

"அப்ப நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு?"

"சனிக்கிழமை ஒன்பதிலயிருந்து பத்தரை மட்டும் ராகுகாலம். எங்கட வெப்சைட்டிலயே போட்டுக் கிடக்கு, நீர் பாக்கிறேல்லையே?"

உண்மைதான். அன்ரியின் வெப்சைட்டில் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அன்றைய நல்ல நேரம், ராகுகாலம், எமகண்டம் எல்லாம் தினமும் மாறும். அங்கிள் வைத்த பெட்டி. அதை நான் ஒரு நாளும் கவனித்துப் பார்த்ததில்லை. படித்தவன் பார்க்கக்கூடாத இடம் என்று நினைத்திருந்தேன்.

ஆக, சனிக்கிழமை பத்தரை என்று முடிவானது. நான் தங்கியிருப்பது டார்னெய்ட்டில், ஊரின் அந்தக் கோடி. கிளென் வேவர்லி இந்தக் கோடி. வீட்டிலிருந்தே செய்யலாம்தான், ஆனால் புதுப் பட்டியல்படி எங்கள் ஆபீஸிலிருந்து மட்டும்தான் உள்ளே வர முடியும். அதனால் ஜூலைக் குளிரில் இரண்டு ரயில் மாறி வந்து சேர்ந்தேன்.

பத்து முப்பத்திரண்டுக்கு உள்ளே போனேன். முதலாளி பின்னால் நின்றார். அன்ரி ஸ்பீக்கரில்.

"அன்ரி, ஆரம்பிக்கிறேன். ஏதாவது பிசகினாக்கூட கொஞ்ச நேரத்துல பழையபடி ஆயிடும்."

"கொஞ்ச நேரம் எண்டா? ஆரும் கேட்டா நான் என்னெண்டு சொல்றது? மணியைச் சொல்லும்."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். தாராளமாக இருக்கட்டும் என்று கணக்குப் போட்டேன்.

"பத்து ஐம்பது அன்ரி. என்ன ஆனாலும் பத்து ஐம்பதுக்குத் திரும்ப வரும்."

சொன்ன சொல் சொன்னதுதான் என்று, சர்வருக்கும் அதையே தட்டினேன். பத்து ஐம்பதுக்குப் பழைய பட்டியலைத் திரும்பப் போடு. சர்வர் பணிவாகப் பதில் சொன்னது: சரி, சனிக்கிழமை பத்து ஐம்பது.

பிறகு புதுப் பட்டியலைப் போட்டேன்.

திரை உறைந்தது. கீபோர்டில் எதைத் தட்டினாலும் அசைவில்லை. இன்னொரு ஜன்னல் திறந்து உள்ளே போகப் பார்த்தேன். கதவு இல்லை. அன்ரியின் வெப்சைட்டைத் திறந்தேன். அதுவும் இல்லை. ரோபோக்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, சிட்னியின் பாதி யாழ்ப்பாணத்துக்கும் இல்லை.

என்ன செய்தேன் என்பது அரை நிமிடத்தில் எனக்கே புரிந்துவிட்டது. பட்டியலின் முதல் வரியில் 'ஒருவரையும் விடாதே' என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே 'ஆனால் இவர்களை விடு' என்று அழகாக வரிசையாக எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள்? பொது விதி முதலில், விதிவிலக்கு அடுத்து. நூற்றுக்கு நூறு வாங்கிய பையன் நான். ஆனால் மண்டபத்து செக்யூரிட்டி முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறவர். விதிவிலக்கு எதையும் அவர் படிக்கவில்லை.

"என்ன நடந்தது?" என்றார் முதலாளி.

"ஒண்ணுமில்லண்ணே. வரிசை மாறிப்போச்சு. பத்து ஐம்பதுக்கு வந்துடும்."

"வருமோ?"

"கண்டிப்பா வரும்ணே." சுவரில் இருந்த லாமினேட் பக்கத்தைக் கையால் காட்டினேன். அப்போது எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தப்பு செய்ததில் இல்லை. தப்பு செய்தும் ஆடாமல் நிற்பதில். எழுந்துபோய் விதிப்படி டீ போட்டேன்.

பத்து ஐம்பது ஆனது. வரவில்லை.

பத்து ஐம்பத்திரண்டு. "சர்வர் கடிகாரம் ஒண்ணு ரெண்டு நிமிஷம் பின்னாடி இருக்கும்ணே," என்றேன். இதைவிடக் கச்சிதமாக உண்மையை அடித்துவிட்டு, இதைவிடக் கச்சிதமாக அதைத் தாண்டிப் போனவன் உலகத்தில் இருக்கமாட்டான்.

பதினொன்று ஐந்துக்கு முதலாளி தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"உம்மட பேப்பரில இதுக்கு என்ன எழுதிக் கிடக்கு?"

"டீ குடின்னு இருக்குண்ணே."

"குடிச்சாச்சு. அடுத்தது?"

அடுத்தது எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஸ்பீக்கரில் அன்ரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "தம்பி, ரெண்டு பேர் எனக்குப் போன் அடிச்சுப்போட்டினம், சைட் திறக்கேல்லையாம். நூற்றி இருபது வீட்டு மா குவிஞ்சு கிடக்கு. நான் என்ன செய்ய? உமக்கும் உம்மட அண்ணைக்கும் கட்டி அனுப்பவோ?"

டேட்டா சென்டருக்கு முதலாளி போன் செய்தார். அங்கிள் எடுத்திருந்தது மலிவுத் தட்டு. அதற்குத் தூரத்திலிருந்து திரையைப் பார்க்கிற வசதி எதுவும் கிடையாது. ஆள்தான் நேரில் போய்த் தொடவேண்டும். சனி, ஞாயிறில் அங்கே ஆள் இருப்பதில்லை, கூப்பிட்டால் வருவார். நான்கு மணி நேரத்துக்குள் வருவார். வந்து ஒரு நிமிடம் வேலை செய்தாலும் இரண்டு மணி நேரக் கூலி. அவர்களுடைய அனுமதிப் பட்டியலில் அங்கிளுக்கு அடுத்தபடி அன்ரியின் பெயர் இருந்ததால், மாவுக் கையோடு அன்ரியே போனில் சம்மதம் சொன்னார்.

"நாலு மணித்தியாலமோ?" என்று அன்ரி எங்களிடம் திரும்பினார். "அதுக்குள்ள மூண்டாகீடும். ஒண்டு செய்வம். வாட்ஸ்அப் குறூப் எல்லாத்திலயும் போடுறன், போனில சொல்லுங்கோ எண்டு. ஆனா நான் கொழுக்கட்டை பிடிப்பனோ, போன் பிடிப்பனோ? தம்பி, உம்மட நம்பரைத் தாரும்."

அப்படித்தான் நான் ஆடிக்கூழ் ஆர்டர் எடுக்கிற ஆளானேன். எஞ்சினியரிங் படித்த கையில் ஒரு நோட்டும் பேனாவும். பதினொன்று இருபதுக்கு முதல் போன் வந்தது. வயதான குரல்.

"ஹலோ, அன்ரியே?"

"இல்லைங்க ஐயா, ஆர்டர் எழுதறவன் பேசறேன். சொல்லுங்க."

"நீர் ஆர்? இந்தியாவே?"

"ஆமாங்க ஐயா. விருதுநகர் பக்கம்."

கொஞ்சம் யோசித்தார். "சரி, பரவாயில்லை," என்றார்.

"கூழ் எத்தனை லிட்டர்ங்க? காரம் தூக்கலா வேணுமா, சாதாவா?"

எனக்குத் தெரிந்த ஆடிக்கூழ் கேழ்வரகில் காய்ச்சுவது. சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் இல்லாமல் இறங்காது. அவர்களுடையது அரிசிமாவும் பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் போட்ட இனிப்பு என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"காரமோ? ஆடிக்கூழுக்கோ? தம்பி, நீர் போனைக் கெதியா அன்ரியிட்டக் குடும்."

"அன்ரி சிட்னில இருக்காங்க ஐயா. நான் மெல்பர்ன்ல இருக்கேன்."

"கூழ் சிட்னியில, மெல்பேர்னில நிண்டு எழுதுறீரோ? அதுவும் இந்தியாவில இருந்து வந்து! ரெண்டு லீட்டர் எழுதும். இனிப்பு!"

அடுத்த அழைப்பு ஓர் அம்மா. ஆர்டரைவிட என்னைப் பற்றித் தெரிந்துகொள்வதில் அவருக்கு அக்கறை அதிகம்.

"இஞ்ச நிரந்தரமா இருக்கிறதுக்குப் பி.ஆர். எடுத்திட்டீரோ தம்பி?"

"இன்னும் இல்லைங்கம்மா."

"கலியாணம்?"

"இன்னும் இல்லைங்க."

"ரெண்டும் இல்லையோ? சரி, இருபது கொழுக்கட்டை எழுதும்."

இளசுகள் ஆங்கிலத்தில் கேட்டார்கள்: அரிசிதானே, கோதுமை சேரவில்லையே? ஒரு பையன், அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தான். கொழுக்கட்டை என்பதை மூன்று விதமாகச் சொன்னான், மூன்றும் தப்பு, எனக்குப் புரிந்துவிட்டது. முதலாளி தன் போனிலும் அழைப்புகளை வாங்கி, என் நோட்டில் குறுக்கே எழுதினார். மேல்மாடியில் நாங்கள் கத்துவதைக் கேட்டு, பல் டாக்டரின் நர்ஸ் ஏறிவந்து, யாருக்காவது வலிக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இரண்டரைக்கு நோட்டில் எழுபத்திரண்டு ஆர்டர் இருந்தது. அன்ரி எதிர்பார்த்ததில் இன்னும் நாற்பத்தெட்டு குறைவு. அப்போது அடித்த போனை எடுத்து, "கூழா, கொழுக்கட்டையாங்க?" என்றேன்.

"எலேய், என்னலே கேக்கிற?" என்றது அம்மாவின் குரல்.

அம்மா சனிக்கிழமை தவறாமல் ஊர் மணி பத்துக்குப் போன் செய்வாள். ஊரில் பத்து என்றால் குளிர்காலத்தில் எங்களுக்கு இரண்டரை. வருடக்கணக்காக வருகிற போன்.

"அம்மா, வேலைல ஒரு தப்பாயிடுச்சு. அப்புறம் பேசறேன்."

"என்ன தப்பு?"

சொல்லாமல் விடமாட்டாள். சொன்னேன். தூரத்தில் இருக்கிற மெஷின், அதற்கு ஒரு வாசல், திருடன் வராமல் இருக்கப் பூட்டப்போய் நானும் வெளியே நின்றுவிட்டேன் என்று.

"அப்ப சாவிய உள்ள வச்சுப் பூட்டிட்ட."

"ஆமாம்மா."

"இதுக்காலே பதினாறு வருசம் படிச்ச?"

முதலாளி ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டுவிட்டார். மேஜைமேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். ஊர் மணிக்கும் இந்த மணிக்கும் நாலரை மணி நேர வித்தியாசம் என்பதை அம்மா என் காதுக்குள்ளேயே வந்து சொல்லிவிட்டுப் போனாள். அப்போதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அடுத்த ஆர்டரை எழுதினேன்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டேட்டா சென்டர் ஆள் போன் செய்தார். வெள்ளைக்காரப் பையன், குரலில் தூக்கம். வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் தெருவில் காசு கட்டி நிறுத்தியிருக்கிறாராம். அதுவும் பில்லில் வருமாம். உள்ளே போய்த் தட்டைத் தேடி, திரையும் கீபோர்டும் செருகி, நான் எழுத்தெழுத்தாகச் சொன்ன பாஸ்வேர்டைத் தட்ட மூன்று இருபது ஆகிவிட்டது. ஸ்பீக்கரில் ஒரு பக்கம் அவர், இன்னொரு போனில் அன்ரி.

"உள்ளே வந்துவிட்டேன், மேட்," என்றார் ஆங்கிலத்தில். "எந்தப் பட்டியலைப் பார்க்கணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அன்ரி கத்தினார்: "தம்பி! வந்திட்டுது! சைட் வந்திட்டுது!"

என் திரையைப் புதுப்பித்தேன். கொழுக்கட்டைப் படம் பளிச்சென்று வந்தது.

"என்ன செய்தீங்க?" என்று அந்தப் பையனைக் கேட்டேன்.

"நான் ஒன்றும் செய்யவில்லை. பழைய பட்டியலைத் திரும்பப் போட்டாயிற்று என்று அதுவே எழுதுகிறது. இப்போதுதான், பத்து ஐம்பதுக்கு."

"எத்தனை மணிக்கு?"

"திரையில் பத்து ஐம்பது என்று இருக்கிறதே. உங்கள் சர்வர் எந்த நாட்டு நேரத்தில் ஓடுகிறது, மேட்?"

சுவர்க் கடிகாரம் மூன்று இருபது. நான் விரல் விட்டு எண்ணினேன். நாலரையைக் கழித்தால் பத்து ஐம்பது; அம்மா ஊருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரே மணிதான். சர்வர் வாக்குத் தவறவே இல்லை. பத்து ஐம்பதுக்கு வரச் சொன்னேன். பத்து ஐம்பதுக்கு வந்திருக்கிறது. எந்த ஊர்ப் பத்து ஐம்பது என்று நான்தான் கேட்கவில்லை.

மூன்றரைக்கு அங்கிள் இரண்டு மீனோடு வீட்டுக்கு வந்தார். அன்ரி போனை அவர் காதில் அழுத்தியிருக்க வேண்டும்; மூச்சு வாங்குவது எங்களுக்குக் கேட்டது.

"அங்கிள், சர்வர் ஏன் ஊர் நேரத்துல ஓடுது?"

"வேற எந்த நேரத்தில ஓடுறது?" அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "அந்த ராகுகாலப் பெட்டி யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தைப் பாத்து ஓடுறது. இஞ்சத்தை நேரத்தை வச்சா, வருசத்துக்கு ரெண்டு தரம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் பின்னுக்கு ஆக்குவாங்கள். ராகு அதைக் கேப்பானே? அதுதான் முழு மிசினையும் ஊர் நேரத்துக்கு வச்சிட்டன். பத்து வருசமாச் சோக்கா ஓடுது. ஏன், ஆரும் தொட்டவையோ?"

"இதை எங்கயாவது எழுதி வச்சிருந்தா..."

"எழுதுறதுக்கு என்ன கிடக்கு? என்னைக் கேட்டாச் சொல்லியிருப்பன்."

"நீங்க மீன் பிடிக்கப் போயிருந்தீங்க அங்கிள்."

"ஓம். அது சனிக்கிழமை."

பின்னால் அன்ரியின் குரல் எழுந்தது. அவர் இதற்குள் தன் கணக்கைப் போட்டு முடித்திருந்தார். "அப்ப அந்தப் பெட்டியில ஒன்பதிலயிருந்து பத்தரை எண்டு கிடந்தது ஊர் நேரம். இஞ்ச ஒண்டரையிலயிருந்து மூண்டு. பாத்தீங்களே! ராகுகாலம் முடிஞ்சுதான் சேர்வர் வந்தது. அதுக்கே தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் ஒண்டும் தெரியேல்லை."

பத்து வருடமாக அவரும் அந்தப் பெட்டியைத் தப்பான மணியில் பார்த்துத்தான் கதவு திறந்து, காசு எண்ணி, வியாபாரம் செய்திருக்கிறார் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. முதலாளிக்கு அவர் மாமி முறை. அங்கிளுக்கு அன்ரி கையால் மீன் பொரிய வேண்டும்.

ஆர்டரை மூடுகிற பொத்தானை அன்ரியே கையால் அழுத்துவது வழக்கம். அன்று அவர் ஐந்து மணிவரை அழுத்தவில்லை. சைட் படுத்துக் கிடக்கிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியதில், எந்த வருடமும் நினைக்காதவர்களுக்கெல்லாம் ஆடிப்பிறப்பு நினைவுக்கு வந்திருந்தது. போனில் சொன்னவர்களும், மெல்பர்னில் இருந்து எழுதுகிற இந்தியப் பையனை நம்பலாமா என்ற சந்தேகத்தில், வெப்சைட்டில் இன்னொரு தடவை போட்டார்கள். அப்படி இரட்டிப்பாக விழுந்தவை பத்தொன்பது. அவற்றை நானும் முதலாளியும் நோட்டோடு ஒத்துப் பார்த்துக் கழித்தோம். கழித்த பிறகும் இருநூற்று மூன்று வீடு. மாவு மூன்று வீட்டுக்குப் பற்றவில்லை. அன்ரி இரவோடு இரவாக வறுத்துச் சமாளித்தார்.

செவ்வாய்க்கிழமை பட்டியலை மறுபடி மாற்றினேன். விடவேண்டியவர்கள் மேலே, 'ஒருவரையும் விடாதே' கடைசி வரியில். அதற்கும் முன்னால், சர்வரிடம் மணி என்ன என்று கேட்டேன். பழையதைத் திரும்பப் போடச் சொன்னபோது மணி சொல்லவில்லை. 'இதிலிருந்து பத்து நிமிடத்தில்' என்றேன். பத்து நிமிடம் எல்லா ஊரிலும் பத்து நிமிடம்தான். புது ஜன்னலில் சிக்கலில்லாமல் உள்ளே போக முடிந்தது, ரத்து செய்தேன், ரோபோக்கள் அன்றோடு ஒழிந்தன. லாமினேட் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதியதாக எழுதினேன். 'டீ குடி' என்ற வரிக்கு மேலே முதலாளி மார்க்கரால் ஒரு வரி சேர்த்தார்: 'முதலில் அங்கிளைக் கேள்.'

பில் வெள்ளிக்கிழமை வந்தது. விடுமுறை நாள் ஆள் கூலி, குறைந்தபட்சம் இரண்டு மணி நேரம், மணிக்கு நூற்று அறுபத்தைந்து; அதற்கு வரி முப்பத்து மூன்று; வண்டி நிறுத்தியதற்கு இருபத்தேழு. தன் கண்முன்னே தானாகச் சரியான ஒரு மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு. யார் கட்டுவது என்று போனில் பஞ்சாயத்து நடந்தது. தப்பாக எழுதியது நான். என்னை எழுத விட்டது முதலாளி. எழுதாமல் விட்டது அங்கிள்.

"அப்ப அன்ரி?" என்று முதலாளி மெதுவாகக் கேட்டார்.

"ராகுகாலம் சொன்னதுக்கு என்னட்டக் காசு கேக்கப் போறியளோ?" என்றார் அன்ரி.

கேட்கவில்லை. அங்கிள் நூற்று முப்பது, முதலாளி நூற்று முப்பது, நான் நூற்று முப்பது. ஆக மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூறு டாலர்.